காக்பிட்டில் இருந்தபடியே பாயைக் கையாள: கயிறுகளைப் பின்னுக்குக் கொண்டுவருவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

27 முதல் 35 அடி வரை நீளமும் ஒற்றைப் பாய்மரமும் உள்ள ஃபைபர் படகுகளை மனதில் வைத்து எழுதியது இது. சில சொற்களை முதலிலேயே சொல்லிவிடலாம். பாயை மேலே ஏற்றும் கயிறு ஹாலியார்டு. காற்றுக்கேற்பப் பாயை இழுக்கவும் தளர்த்தவும் உதவும் கயிறு ஷீட். பாயின் அடியோரம் பொருந்தியிருக்கும் கிடைமரம் பூம். காற்று வலுக்கும்போது பாயைக் கொஞ்சம் இறக்கிக் கட்டிப் பரப்பைக் குறைப்பது ரீஃப் போடுவது. சுக்கான் பிடிப்பவர் உட்காரும் பள்ளம் காக்பிட்.

எதற்கு இந்த வேலை? பாய்மரத்தடிக்கு நடந்து போய்ச் செய்தால் ஆகாதா?

ஆகும். நெடுங்காலமாக அப்படித்தான் செய்தார்கள். கடலில் பழுத்த பலர் இன்றும் அதையே விரும்புகிறார்கள். பாய்மரத்தடியில் நின்றால் பாய், வளையம், கொக்கி எல்லாம் கண்ணெதிரே இருக்கும். எது எங்கே சிக்கியிருக்கிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை. கயிறும் நேராக இறங்கி வருவதால் இழுக்க லேசு.

அங்கே போய்ச் சேருவதுதான் பாடு. ரீஃப் போடத் தேவை வருவதே காற்று ஏறி, அலை கலைந்து, படகு சாய்ந்து ஓடும்போது. இருவராகப் போகும் படகில் ஒருவர் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பார். அவரை எழுப்ப மனம் வராது, தனியாக முன்னே போகவும் தயக்கமாக இருக்கும். ‘இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுவோம். அரை மணி கழித்து, இரண்டு மடங்கு கஷ்டமான நிலையில் அதே வேலையைச் செய்வோம். உட்கார்ந்த இடத்திலேயே முடியுமென்றால் ரீஃப் வேளையோடு விழும். பாதுகாப்பு என்று எல்லோரும் சொல்வதில் பெரும்பங்கு இந்த ‘வேளையோடு’ என்பதில்தான் இருக்கிறது.

இது நவீன ஆடம்பரம் என்கிறார்களே?

1960-இல் இங்கிலாந்தின் பிளிமத்திலிருந்து நியூயார்க்குக்குத் தனியாளாக அட்லாண்டிக்கைக் கடக்கும் முதல் போட்டி நடந்தது. அதற்கு வித்திட்ட ‘பிளாண்டி’ ஹாஸ்லர், ஃபோக்போட் என்ற வகைச் சிறு பாய்ப்படகு ஒன்றை, 25 அடி நீளமுள்ளதை, மாற்றியமைத்து, ‘ஜெஸ்டர்’ என்ற பெயரில் அதில் போனார். மேல்தளத்தை மூடி, நடுவில் வட்டமான ஒரு திறப்பு மட்டும் விட்டு, எல்லாக் கயிறுகளையும் அங்கே கொண்டுவந்தார். இடுப்பு வரை வெளியே தலைகாட்டி நின்றபடி பாயை ஏற்றவும் இறக்கவும் செய்தார். 40 நாளில் வந்த பிரான்சிஸ் சிச்செஸ்டருக்கு அடுத்து, 48 நாளில் இரண்டாவதாக வந்து சேர்ந்தார்.

இதைப் படித்துவிட்டு ‘கயிறைப் பின்னுக்கு இழுத்தால் போதும்’ என்று முடிவு கட்ட வேண்டாம். ஜெஸ்டரில் இருந்தது சீனத்துப் பாய். குறுக்கே கழிகள் வைத்த அந்தப் பாய், ஹாலியார்டை விட்டால் தன் எடையிலேயே மடிந்து மடிந்து இறங்கும். நம் படகுகளின் முக்கோணப் பாய்க்கு அந்தக் குணம் இல்லை. அதை இறக்கவும் கட்டவும் ஒவ்வொரு மூலையையும் தனித்தனியாக இழுத்தாக வேண்டும். கயிறுகளைப் பின்னுக்குக் கொண்டுவருவதில் வரும் தலைவலி பெரும்பாலும் இதிலிருந்தே வருகிறது.

எந்தெந்தக் கயிறுகளைக் கொண்டுவர வேண்டும்?

ரீஃப் போடுவதற்கு வேண்டியவை அத்தனையும். முடியாவிட்டால் ஒன்றுகூட வேண்டாம். அரைகுறைதான் எல்லாவற்றிலும் மோசம்.

படகுகளில் அதிகம் பார்க்கும் அரைகுறை இது: ஹாலியார்டு காக்பிட்டுக்கு வந்திருக்கும், பாயின் முன்மூலையை மாட்டும் கொக்கி மட்டும் பூமின் முனையிலேயே இருக்கும். காக்பிட்டில் ஹாலியார்டைத் தளர்த்த வேண்டும், முன்னே போய் வளையத்தைக் கொக்கியில் மாட்ட வேண்டும், திரும்பி வந்து ஹாலியார்டை இறுக்க வேண்டும். இறுக்குவதற்குள் பாய் படபடத்து வளையம் கொக்கியை விட்டு நழுவியிருக்கும். மறுபடி முன்னே. எல்லாமே பாய்மரத்தடியில் இருந்திருந்தால் ஒரே நடையில் முடிந்திருக்கும்.

ஆகவே குறைந்தபட்சப் பட்டியல்: பெரிய பாயின் ஹாலியார்டு, ஒவ்வொரு ரீஃபுக்கும் முன்மூலைக் கயிறு, பின்மூலைக் கயிறு, பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கிக்கர், பூமின் பின்முனையைத் தாங்கும் டாப்பிங் லிஃப்ட். கடைசி இரண்டையும் மறந்துவிடுகிறார்கள். கிக்கரைத் தளர்த்தாமல் பின்மூலையை இழுத்தால் பூம் மேலே எழாது, கயிற்றைச் சுற்றி இறுக்கும் உருளையான வின்ச் முக்கும், பாய்த்துணிதான் கிழியும். கிக்கர் உள்ளே ஸ்பிரிங் வைத்த குழாய் வகையாக இருந்தால் டாப்பிங் லிஃப்ட்டைப் பின்னுக்குக் கொண்டுவரத் தேவையில்லை. அந்தக் குழாயே பூமைத் தாங்கிவிடும்.

எவற்றை விட்டுவிடலாம்?

சுருளும் முன்பாயின் ஹாலியார்டை. பருவத் தொடக்கத்தில் ஏற்றினால் பருவ முடிவில்தான் இறக்குகிறோம். அதற்கு ஒரு கிளட்ச் (கயிற்றைக் கடித்து நிறுத்தும் பிடி), ஒரு கப்பி, இரண்டு துளைகள் வீண். அதைச் சுருட்டும் கயிறு வேறு. அது எப்படியும் படகின் ஓரமாகக் காக்பிட்டுக்கு வந்துதான் ஆக வேண்டும். பின்காற்றில் முன்னே ஏற்றும் பெரிய உப்பிய பாயான ஸ்பின்னேக்கரின் ஹாலியார்டு ஆள் கணக்கைப் பொறுத்தது. முன்னே ஒருவர் நின்று ஏற்றும் பழக்கம் இருந்தால் அங்கேயே இருக்கட்டும்.

ஒற்றைக் கயிற்று ரீஃப் நல்லதா, இரண்டு கயிறா?

ஒற்றைக் கயிறு என்றால் ஒரே கயிறு முன்மூலை, பின்மூலை இரண்டையும் சேர்த்து இழுக்கும். காக்பிட்டில் தொடங்கி, கேபின் கூரையில் திரும்பி, பாய்மரத்தடியில் திரும்பி, முன்மூலை வளையத்துக்கு ஏறி இறங்கி, பூமின் உள்ளே நுழைந்து, பின்முனையில் வெளியே வந்து, பின்மூலை வளையத்துக்கு ஏறி இறங்கி, பூமில் முடிச்சாகிறது. எண்ணிப் பார்த்தால் ஆறு திருப்பம்.

இனி நீளம். முதல் ரீஃப் வளையங்கள் பூமுக்கு மேலே 1.5 மீட்டரில் இருக்கின்றன என்று வைப்போம். இரண்டு மூலையிலும் கயிறு ஏறி இறங்குவதால் இழுக்க வேண்டியது அதன் நான்கு மடங்கு, அதாவது 6 மீட்டர். இரண்டாவது ரீஃப் 3 மீட்டரில் என்றால் 12 மீட்டர் கயிறு காலடியில் குவியும். அதுவும் காற்று இன்னும் ஏறியிருக்கும் வேளையில்.

என் பரிந்துரை: முதல் ரீஃபுக்கு ஒற்றைக் கயிறு இருக்கலாம். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் முன்மூலைக்கு ஒன்று, பின்மூலைக்கு ஒன்று என்று இரண்டாகவே வையுங்கள். கிளட்ச் எண்ணிக்கை கூடும், உண்மைதான். ஆனால் முன்மூலை சரியாக உட்கார்ந்த பிறகு பின்மூலையைத் தனியாக வின்ச்சில் இறுக்க முடிவதால் பாயின் உருவம் தட்டையாக, சுத்தமாக அமையும். ஒற்றைக் கயிற்றில் எந்த மூலை முதலில் இறங்கும் என்பதை உராய்வுதான் தீர்மானிக்கிறது, நாம் இல்லை.

உராய்வு என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்களே, அவ்வளவா?

கணக்கைப் பாருங்கள். ஒரு திருப்பத்தில் இழுவையில் 5 சதவீதம் போகிறது என்று வைத்தால், ஆறு திருப்பம் தாண்டி 100 கிலோவில் 73 கிலோ மிஞ்சும். பழைய, உப்பேறிய கப்பிகளில் 15 சதவீதம் போனால் மிஞ்சுவது 38 கிலோதான். கப்பியை மாற்றுவதால் வரும் லாபம் கூட்டலாக வருவதில்லை, பெருக்கலாக வருகிறது.

செலவு செய்ய வேண்டிய இடங்கள்: பாய்மரத்தடிக் கப்பிகள், பூமின் பின்முனை உருளை, முன்மூலை வளையம். வெறும் உலோக வளையத்தினுள் கயிறு உரசிப் போவதைவிட, அங்கே ஒரு சிறு கப்பியையோ வழுவழுப்பான உராய்வு குறைந்த வளையத்தையோ தைத்துக் கட்டிவிட்டால் வித்தியாசம் கையிலேயே தெரியும். கேபின் கூரையில் உள்ள திருப்பத்தில் கோணம் சிறியது. அங்கே அவ்வளவு மெனக்கெட வேண்டாம்.

ஒரே பாதையில் இரண்டு கயிறுகள் ஒன்றையொன்று தொட்டு ஓடுகின்றனவா என்றும் பாருங்கள். பூமின் உள்ளே ரீஃப் கயிறுகள் முறுக்கிக்கொள்வது சகஜம். வெளியே நல்ல கப்பி மாட்டிப் பயனிருக்காது. டார்ச் அடித்துப் பூமின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கப்பிகள் எவ்வளவு சுமை தாங்க வேண்டும்?

கயிற்றின் இழுவையை மட்டும் பார்த்து வாங்கினால் தப்பு. திரும்பும் கோணத்தைப் பொறுத்துக் கப்பியின் மேல் விழும் சுமை மாறும். 30 டிகிரி திருப்பத்தில் இழுவையில் ஏறக்குறைய பாதி. 60 டிகிரியில் இழுவைக்குச் சமம். 90 டிகிரியில் 1.41 மடங்கு, கயிறு முழுக்கத் திரும்பி வந்தால் 2 மடங்கு. ஹாலியார்டில் 300 கிலோ இழுவை என்றால் பாய்மரத்தடிக் கப்பியின் மேல் சுமார் 425 கிலோ. அந்தச் சுமை நேர் மேலேயும் இல்லை, நேர் பின்னேயும் இல்லை; இரண்டுக்கும் நடுவே சாய்வாக, கப்பியை மேல்தளத்திலிருந்து பிடுங்கப் பார்க்கும்.

அப்படியானால் மேல்தளமே தூக்கிக்கொள்ளாதா?

நல்ல கேள்வி. பாய்மரம் எங்கே ஊன்றியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

பாய்மரம் மேல்தளத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தால் கவலை குறைவு. மேலே இழுக்கும் அதே ஹாலியார்டு பாய்மரத்தைக் கீழே அழுத்துகிறது. கப்பிகளைப் பாய்மரத்தின் அடித்தட்டிலேயே மாட்டினால் இரண்டு விசையும் அந்தத் தட்டுக்குள்ளேயே அடங்கிவிடும்.

பாய்மரம் மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு படகின் அடிவரை போனால் கதை வேறு. அழுத்தம் அடியில் இறங்குகிறது, தூக்கும் விசையோ மேல்தளத்தில் விழுகிறது. நாளடைவில் பாய்மரத்தைச் சுற்றிய பகுதி மேலே வளையும், கேபின் கதவு இறுகும், மழைநீர் கசியும். இதற்கு மேல்தளத்தையும் பாய்மரத்தையும், அல்லது மேல்தளத்தையும் அடிக்கட்டையையும், உள்ளே ஒரு இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்டுகிறார்கள். அது இல்லாத படகில் கப்பிகளை மேல்தளத்தில் போல்ட் போடாமல் பாய்மரத்திலேயே ஒரு பட்டை வளையம் போட்டு மாட்டுங்கள்.

மேல்தளத்தில் துளை போட்டால் தண்ணீர் இறங்குமே?

ஒழுங்காகச் செய்யாவிட்டால் இறங்கும், அது மட்டும் போதாதென்று உள்ளே அழுகும். இந்தப் படகுகளின் கேபின் கூரை பெரும்பாலும் கெட்டியான ஒற்றைத் தகடு இல்லை. இரண்டு ஃபைபர் தோல்கள், நடுவே பால்சா என்னும் இலேசான மரம் அல்லது நுரை. பால்சாவுக்குள் நீர் புகுந்தால் சத்தமில்லாமல் சுற்றிலும் பரவும். மிதித்தால் தளம் அமுங்கத் தொடங்கும்போதுதான் நமக்குத் தெரியும். அதற்குள் ரிப்பேர் பெரிதாகிவிடும்.

செய்முறை இப்படி. முதலில் உள்ளே கூரைப் பலகையைக் கழற்றி, ஒயர் எங்கே ஓடுகிறது, எங்கே குறுக்குவிட்டம் என்று பாருங்கள். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 12 மில்லிமீட்டர் துளை போடுங்கள். மேல்தோலும் நடுமரமும் மட்டும், கீழ்த்தோல் அப்படியே. மரத்துகளை உறிஞ்சி எடுங்கள். உள்ளே எபாக்சி என்னும் பிசினை வெறுமனே தடவி மரத்தை ஊறவிடுங்கள். பிறகு சிலிக்கா தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்சியால் துளையை நிரப்புங்கள். ஒரு நாள் காய்ந்ததும் நடுவில் 6 மில்லிமீட்டர் துளையை முழுக்க இறக்குங்கள். இப்போது போல்ட் தொடுவது எபாக்சியை மட்டும்தான். மரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

துளையின் மேல்விளிம்பை லேசாகச் சாய்த்துக் கடைந்து, போல்ட்டின் கழுத்தில் பியூட்டைல் டேப்பை (ரப்பர் போன்ற ஒட்டும் அடைப்பு நாடா) சுற்றுங்கள். அந்தச் சாய்வில் அது பிதுங்கி அடைத்துக்கொள்ளும். இறுக்கும்போது மேலே ஒருவர் போல்ட்டை அசையாமல் பிடிக்க, கீழே நட்டை மட்டும் திருப்ப வேண்டும். போல்ட் சுற்றினால் அடைப்பு கிழியும். ஒரே மூச்சில் முறுக்காமல் இரண்டு மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினால் டேப் தானாக இடம் பிடிக்கும். கீழே 5 மில்லிமீட்டர் கனத்தில் அலுமினியத் தகடோ ஃபைபர் தகடோ கொடுங்கள். சிறு வாஷர் மட்டும் போட்டு விடுவது 425 கிலோ சுமைக்கு முன் விளையாட்டு.

கிளட்ச் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

கயிற்றின் தடிமனை. 8 முதல் 12 மில்லிமீட்டர் வரை பிடிக்கும் என்று எழுதியிருந்தாலும், 8-இல் பிடிப்பது குறைவு, 12-இல் அதிகம். உங்கள் கயிறு அந்த வரம்பின் மேல்பாதியில் விழும்படி வாங்குங்கள். டைனீமா என்னும் வழுக்கும், நெகிழ்வு குறைந்த செயற்கை இழைக் கயிற்றுக்குப் பாலியெஸ்டர் உறை இருக்க வேண்டும். உறை இல்லாமல் கிளட்ச் பிடிக்காது. கிளட்ச் செய்யும் ஸ்பின்லாக், லூமார் நிறுவனங்கள் இரண்டுமே மாற்றுப் பல் விற்கின்றன. பழைய கிளட்ச் நழுவினால் உடனே முழுதாக மாற்ற வேண்டியதில்லை.

திறக்கும் முறை முக்கியம். முதலில் கயிற்றை வின்ச்சில் மூன்று சுற்று சுற்றிச் சுமையை வாங்கிக்கொண்டு, அதன்பிறகே கைப்பிடியைத் தூக்க வேண்டும். சுமையோடு திறந்தால் கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போகும். கையுறை இருந்தாலும்.

ஒரு வின்ச் போதுமா?

பெரும்பாலும் போதும், கிளட்ச் வரிசை இருந்தால். ஹாலியார்டைக் கிளட்ச் பிடித்துக்கொள்ள, அதே வின்ச் பின்மூலைக் கயிற்றுக்குக் கிடைக்கும். ஒருசேரப் பிடித்துத் தளர்த்த வேண்டிய இரண்டு கயிறுகளை மட்டும் ஒரே பக்கம் வைக்காதீர்கள். ஹாலியார்டை ஒரு பக்கமும் முன்மூலைக் கயிறுகளை மறுபக்கமும் வைத்தால் ஒரு கையால் விட, மறு கையால் இழுக்கலாம்.

கயிறு வின்ச்சுக்குக் கீழிருந்து மேலாக, 5 முதல் 8 டிகிரி சாய்வில் வந்து சேர வேண்டும். இல்லாவிட்டால் சுற்றுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி இறுகிக்கொள்ளும். தேவைப்பட்டால் வின்ச்சின் அடியில் ஒரு ஆப்புக்கட்டை வையுங்கள். மழைத்தடுப்புத் துணிக்கூரை இருக்கும் படகில் துளை போடுமுன் வின்ச் கைப்பிடியை மாட்டி முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். கூரைக் கம்பியில் இடித்தால் வின்ச்சை நகர்த்துவது இப்போது சுலபம், பிறகு இல்லை.

ஹாலியார்டு எவ்வளவு நீளம் வேண்டும்?

பாய்மரத்தின் இரு மடங்கு, அதோடு பாய்மரத்தடியிலிருந்து வின்ச் வரையுள்ள தூரம், அதோடு கையில் பிடிக்க 2 மீட்டர். 12 மீட்டர் பாய்மரம், 3.5 மீட்டர் கூரை என்றால் 29.5 மீட்டர். பழைய கயிற்றையே பின்னுக்கு இழுக்கலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கூட்டலில்தான் மாட்டுவார்கள். நீளம் கூடக்கூட நெகிழ்வும் கூடுவதால், சாதாரணப் பாலியெஸ்டரைவிட உள்ளே டைனீமா வைத்த கயிறு இங்கே காசுக்குப் பெறும். ரீஃப் கயிறுகளுக்குப் பாலியெஸ்டர் போதும்.

எல்லாம் மாட்டிய பிறகு பாய் தானாக இறங்க மறுக்கிறது. ஏன்?

ஹாலியார்டை விட்டதும் பாயின் எடை அத்தனை கப்பிகள் வழியாகவும் கயிற்றை முன்னே இழுக்க வேண்டியிருக்கிறது. கிளட்ச்சைத் திறந்தும் அசையாவிட்டால், காக்பிட்டில் கயிறு சிக்கலில்லாமல் கிடக்கிறதா, ஷீட்டும் கிக்கரும் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அதன்பிறகு பாய் ஏறும் காடியைக் கழுவி உலர்ந்த மசகு தெளியுங்கள். முன்மூலைக் கயிறு இங்கேதான் இன்னொரு முறை கைகொடுக்கும். அதை இழுத்தே பாயைக் கீழே கொண்டுவரலாம், குறைந்தது ரீஃப் வளையம் வரை.

எவ்வளவு இறக்க வேண்டும் என்பதற்கு, துறையில் காற்றில்லாத நாளில் ஒவ்வொரு ரீஃபையும் போட்டுப் பார்த்து, கிளட்ச் வாயில் ஹாலியார்டைச் சாயநூலால் சுற்றித் தைத்துவிடுங்கள். ஒரு ரீஃபுக்கு ஒரு சுற்று, இரண்டாவதுக்கு இரண்டு. பேனா மை அழிந்துவிடும். இருட்டில் விரலால் தொட்டே அறிய நூல்தான் சரி.

சிறு படகுகளுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும், காரணம் வேறு. டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையின் நேத்ரா குமணன் ஓட்டிய லேசர் ரேடியல் என்ற ஒற்றையாள் சிறு படகில், பாயின் முன்னோரத்தையும் அடியோரத்தையும் இறுக்கும் கயிறுகள் பாய்மரத்துக்குப் பின்னே மேல்தளத்தில் உள்ள பிடிகளுக்கு வருகின்றன. படகுக்கு வெளியே உடலைச் சாய்த்துத் தொங்கும் ஓட்டுநர், எடையை உள்ளே கொண்டுவராமல் கைநீட்டி இழுக்கத்தான் அது.

காக்பிட்டில் குவியும் கயிறுகளை என்ன செய்வது?

பை. கேபின் தடுப்பில் அடியில் வலை வைத்த துணிப்பைகளை மாட்டி, கயிற்றைச் சுருட்டாமல் அப்படியே திணியுங்கள். அழகாகச் சுருட்டித் தொங்கவிட்ட கயிறு அவசரத்தில் முடிச்சாகும். திணித்தது பெரும்பாலும் சிக்கலில்லாமல் ஓடும். வெவ்வேறு நிறக் கயிறுகள், கிளட்ச்சில் பெயர்ச்சீட்டு இரண்டும் வேண்டும். படகு உங்களுக்கு மனப்பாடம், புதிதாக ஏறியவருக்கு இல்லை.

கையில் பணம் குறைவு. எதிலிருந்து தொடங்கலாம்?

இருக்கிற ஹாலியார்டு வின்ச் பாய்மரத்திலேயே இருந்தால் அவசரப்பட வேண்டாம். ரீஃப் கயிறுகளையும் அங்கேயே ஒழுங்காக அமைத்து, நின்று வேலை செய்யப் பிடிமானம் ஒன்று போட்டு, ஒரு பருவம் ஓட்டுங்கள். ஏற்கெனவே ஹாலியார்டு மட்டும் பின்னுக்கு வந்துவிட்ட படகென்றால், முதல் ரீஃபின் முன்மூலைக் கயிற்றுக்கு ஒரு கப்பியும் ஒரு பிடியும் வாங்குங்கள். அதைவிடக் குறைந்த செலவில் அதிகப் பலன் தருவது வேறெதுவும் இல்லை.

அப்படியானால் இனி முன்னே போகவே வேண்டாமா?

வேண்டியிருக்கும். பாயை விறைப்பாக வைக்கும் கழி சிக்கும், கயிறு உருளையை விட்டு நழுவும். முன்னிருந்து பின்வரை பாதுகாப்புப் பட்டையைக் கட்டி வைத்து, இடுப்புக் கச்சையின் கொக்கியைக் காக்பிட்டிலேயே மாட்டிக்கொண்டு போங்கள்.

பராமரிப்பு?

பயணம் முடிந்ததும் கப்பிகளுக்கும் கிளட்ச்சுகளுக்கும் நன்னீர் ஊற்றுங்கள். குண்டு வைத்த கப்பிகளில் எண்ணெயோ கிரீஸோ வேண்டாம், தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கிளட்ச் கடிக்கும் இடத்தில் ஹாலியார்டின் உறை பஞ்சாகத் தொடங்கினால் பாய் மாட்டும் முனையில் ஒரு அடி வெட்டிப் புது முடிச்சுப் போடுங்கள். கடி வேறிடத்துக்கு நகரும். வாங்கும்போதே ஒன்றிரண்டு மீட்டர் கூடுதலாக வாங்குவது இதற்காகத்தான். நூல் அடையாளங்களையும் அப்போது மாற்றித் தைக்க வேண்டியிருக்கும்.